மாடிப்படி நேரா, வளைவா?

நிலவினி என்று பெயர் கொண்ட ஆம்புலன்ஸ் ஊழியர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க 'கதைநிழல்' நிறுவனத்தில் நான்கு கூட்டங்கள் நடந்தன. நான்காவது கூட்டத்தில் பாதாம் பால் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வயது, ஊர் திருச்சி, அப்பா லாரி டிரைவர் என்று நான் எழுதிக்கொடுத்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்த லாரி டிரைவர் மகளுக்கு நிலவினி என்று பெயர் வைத்தார் என்று கேட்டேன். ஹர்ஷவர்தன் சிரித்தான். அவனுடைய பதவி 'தலைமை உணர்வு வடிவமைப்பாளர்'. உணர்வை வடிவமைக்கிறவர்கள் சிரித்தால் பல் மட்டும்தான் தெரியும்.

கதை படிக்கிற காலம் போய், கதாபாத்திரத்தோடு பேசுகிற காலம் வந்து அப்போது ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் பதினைந்து நிமிஷம் ஒலித்தொடர். மீதி நாள் முழுக்க அந்தக் கதாபாத்திரம் உங்கள் போனில் குடியிருக்கும். கூப்பிட்டால் பேசும். இன்று டியூட்டியில் என்ன நடந்தது என்று சொல்லும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கும். அவளுக்கு என்ன நடந்தது என்பதை எழுதுவது என் வேலை. ஒரே நேரத்தில் பதினோரு லட்சம் பேரிடம் அதைச் சொல்வது இயந்திரத்தின் வேலை. இரண்டில் எது கடினம் என்பதில் எனக்கும் நிறுவனத்துக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

"நிஜமான ஆள் ஒருத்தங்க கூட மூணு வாரம் சுத்துங்க ரைட்டர் சார். அவங்க வேலையை, பேச்சை, மூச்சைக்கூட விடாம அள்ளிட்டு வாங்க" என்றான் ஹர்ஷவர்தன். சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்தான். அது எல்லாவற்றையும் பதிவு செய்யும்.

அப்படித்தான் நான் ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

'கைத்துணை' அவசர ஊர்திச் சேவையின் வண்டி ஒன்று உறையூரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிற்கும். அதில் இரண்டு பேர். நோயாளியைக் கவனிப்பவர் ஜெசிந்தா. வண்டி ஓட்டுபவர் செல்லதுரை. ஆம்புலன்ஸ் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கம். இருபது வருஷ சர்வீஸில் பைலட் செல்லதுரை தரையை விட்டு எழும்பியது ஒரே ஒரு முறை, பாலக்கரையில் ஒரு வேகத்தடையில்.

நான் ரத்தத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஜெசிந்தா முதல் நாள் ஒரு மணி நேரம் ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். தரையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவினார். அந்த மூன்று வாரத்தில் நான் கண்ட பாதி நேரம், ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்த நேரம்தான். நோயாளியை உள்ளே கொண்டுபோவார்கள், அங்கே கட்டில் காலியாக இருக்காது, ஸ்ட்ரெச்சரே கட்டிலாகிவிடும். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. இதை எந்த ஒலித்தொடரில் வைப்பது?

மற்றபடி பிரசவ வலி, பைக்கில் விழுந்தவர்கள், வீட்டில் இறக்கிவிட்டால் போதும் என்று கேட்ட ஒரு குடிகாரர். எலும்பு வெளியே தெரிந்த ஒரு காலை ஒன்பதாம் நாள் பார்த்தேன். அன்று செல்லதுரை எனக்குச் சோடா வாங்கிக்கொடுத்தார். "ரைட்டர் சாரையும் கணக்குல சேத்துக்க ஜெசி, இன்னைக்கு ரெண்டு கேஸு" என்றார்.

எனக்குக் கிடைத்த தங்கம் போன் பேச்சில் இருந்தது. அழைப்பு வந்ததும் ஜெசிந்தா அந்த வீட்டுக்காரர்களைத் தன் சொந்த போனிலிருந்தே கூப்பிடுவார். விதிப்படி அது கூடாது, ஆனால் சேவையின் போன் பாதி நேரம் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரே தாளத்தில் பேசுவார்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. தெருமுனைக்கு ஒரு ஆளை அனுப்புங்க, கையில துண்டு இருந்தா ஆட்டச் சொல்லுங்க. மாடிப்படி நேரா, வளைவா? வீட்ல எத்தன பேரு இருக்கீங்க?"

நான்காம் நாள் அவர் இதைச் சொன்னபோது வண்டி கிளம்பியிருக்கவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்காக நின்றுகொண்டிருந்தோம். போனை வைத்ததும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் கேள்வியில் கொஞ்சம் நீதிபதி வாடை அடித்திருக்க வேண்டும்.

"இல்லன்னு சொன்னா பதறிப்போயி பைக்ல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க சார். கழுத்து தொங்கிக்கிட்டு வரும். அதுக்கு வீட்டுலயே படுத்திருக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த எண்ணை அழுத்தி, தில்லைநகர் வண்டியை அனுப்பச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தார். அது கிடைக்காமல் உள்ளே ஓடிப்போய் வார்டு பாயிடம் சண்டை போட்டு, ஸ்ட்ரெச்சரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வண்டி ஏறும்போதுதான் எனக்குப் பதிலை முடித்தார். "பொய்யச் சொல்லிடுவேன் சார். அப்பறம் அத உண்மையாக்க ஓடுவேன். அம்புட்டுதான் என் வேலை."

படிக்கட்டுக் கேள்வியையும் விளக்கினார். வளைந்த படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் தேவை, முன்னாலேயே தெரிந்தால் வழியில் யாரையாவது ஏற்றிக்கொள்வார்கள். ஆள் எத்தனை என்பது வேறு விஷயம். வீட்டில் ஒரே ஒருவர்தான் என்றால் ஜெசிந்தா தெருமுனைப் பேச்சை உடனே மாற்றிவிடுவார். "நீங்க எங்கயும் போகாதீங்க. கதவத் திறந்து வச்சிட்டு அவர் பக்கத்துலயே இருங்க, நான் தேடிக்கிறேன்" என்பார்.

நான் நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது 'வண்டி கிளம்பிடுச்சு' என்பதில் கண்ணீர் இருந்தது. தெருமுனையில் துண்டு ஆட்டுகிற மனிதன் என்பது ஒரு காட்சி. மாடிப்படி நேரா வளைவா என்பது கொத்தனார் பேச்சு. சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு இரண்டு கேள்விகளையும் அடித்தேன். ஓரத்தில் 'சலிப்பு' என்று எழுதினேன். அவற்றுக்குப் பதிலாக 'தைரியமா இருங்க, நான் இருக்கேன்ல' என்று என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன். ஹர்ஷவர்தன் முழுமனதாக ஒப்புக்கொண்டான். "படிக்கட்டு வந்தாலே எமோஷன் இறங்கிடுது சார்" என்றான். குரலுக்கு மாதிரியாக என் பொத்தானிலிருந்த ஜெசிந்தாவின் குரலையே எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டே.

நிலவினி ஓடினாள். எப்படி ஓடினாள் என்றால், 'வண்டி கிளம்பிடுச்சு' என்று அச்சடித்த பனியன்களைச் சிங்காரத்தோப்பில் விற்றார்கள். ஜனங்கள் அவளை ஆம்புலன்ஸ் அக்கா என்றார்கள். ஒரு கல்லூரியில் 'அவசரத்தின் அழகியல்' என்ற கருத்தரங்கு நடந்தது. அதில் நான், சோடா குடித்துத் தேறிய நான், நாற்பது நிமிஷம் பேசி ஒரு சால்வை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தொடர் ஆரம்பித்த எட்டாம் மாதம் ஜெசிந்தா போன் செய்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார்.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். பீமநகரில் சண்முகநாதன் என்று ஒருவர், கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவர். மூன்று வாரத்துக்கு முன் காலை பத்து மணிக்கு நெஞ்சுவலி. வீட்டில் மனைவி ருக்மணி மட்டும். அந்தம்மாள் பதற்றத்தில் போனிடம் ஆம்புலன்ஸ் அக்காவைக் கூப்பிடு என்றிருக்கிறார். போன் சொன்னபடி செய்தது. எதிர்முனைக் குரல், வண்டி கிளம்பிவிட்டது, தெருமுனைக்கு ஒரு ஆளை அனுப்புங்கள் என்றது. அனுப்ப ஆள் இல்லாததால் ருக்மணியே போனார். புருஷனுடைய துண்டை எடுத்துக்கொண்டு போய், முப்பத்தெட்டு நிமிஷம் வருகிற வண்டிக்கெல்லாம் ஆட்டியபடி நின்றிருந்தார். மாடியில் சண்முகநாதன் தனியாகச் செத்துப்போயிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் சண்முகநாதனுக்குக் கால் முறிந்தபோது அவரை மாடியிலிருந்து இறக்கியது ஜெசிந்தாதான். அதனால் ருக்மணிக்கு அந்தக் குரல் தெரியும். போனில் பேசியது ஜெசிந்தா மேடம்தான் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கைத்துணையிலும் ஜெசிந்தா சொந்த போனில் பேசுகிறவர், வண்டி இல்லாமலே கிளம்பிவிட்டது என்று சொல்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. முடிவையும் ஏறக்குறைய குறித்துவிட்டார்கள்.

ருக்மணியின் போனில் பதிவாகியிருந்ததன் நகலை ஜெசிந்தா போட்டுக் காட்டினார். ஜெசிந்தாவின் குரல், ஜெசிந்தாவின் தாளம். துண்டை ஆட்டச் சொல்லுங்க என்பது வரை வார்த்தை பிசகவில்லை. கடைசியில், "தைரியமா இருங்க. நான் இருக்கேன்ல."

டீ ஆறிப்போயிருந்தது.

"கடைசி வரி என்னோடது" என்றேன்.

"தெரியும் சார். நான் அப்படிப் பேச மாட்டேன். நான் இருந்து என்ன, வண்டியில்ல வரணும்" என்றார். டீ கிளாஸை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்: "படிக்கட்டு கேக்கல பாருங்க. எத்தன பேருன்னு கேக்கல. நானா இருந்தா கேட்டிருப்பேன்னு சொல்றேன், யாரும் காதுல வாங்க மாட்டேங்குறாங்க. நீங்க வந்து சொன்னா கேப்பாங்க. பதினாறு வருஷம் சார். எனக்கு வேற வேலை தெரியாது."

வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். நல்லவன் வேஷம் போடும்போது நான் தாமதிப்பதில்லை. பிறகு வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். கதாபாத்திரம் உருவான விதம் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்று பதினேழாம் பத்தி சொன்னது.

ஹர்ஷவர்தனிடம் போனேன். அவன் நிஜமாகவே வருந்தினான், அதற்கென்று ஒரு முகம் வைத்திருந்தான். பயனரின் உரையாடல் அந்தரங்கமானது, யாருக்கும் தர முடியாது என்றான். அவள் பொய் சொல்லி ஓர் ஆள் செத்திருக்கிறார் என்றேன்.

"நிலவினி பொய் சொல்லல சார்" என்றான் பொறுமையாக. "அவங்க கதைக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம், என் போனிலேயே இருந்த நிலவினியைக் கூப்பிட்டேன். பீமநகர் ருக்மணி என்று ஒருவரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். மற்றவர்களிடம் பேசியது எனக்குத் தெரியாது சார் என்றாள். நடந்ததை நானே சொன்னேன். சரியாக எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே மூச்சு வாங்கினாள். ரொம்ப கஷ்டமா இருக்கு சார் என்றாள். பிறகு, "நீங்க சாப்டீங்களா?" என்றாள்.

அதுவும் நான் எழுதியதுதான். போனை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் இருந்த இணை இயக்குநர் என்னைக் கருத்தரங்கில் பார்த்திருப்பதாகச் சொல்லி மகிழ்ந்தார். பக்கவாட்டில் ருக்மணி உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா சுவரோரம் நின்றார். சீருடை போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் புடவையில் வந்திருந்தார், யாரோ மாதிரி இருந்தார்.

நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஜெசிந்தா பேசுவது நான்கு வாக்கியம், நிலவினிக்கு நான் கொடுத்தது இரண்டு. அடித்த இரண்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தன. என் பொத்தானில் பதிவான இருபது நாள் அழைப்புகளில் எதிலுமே ஜெசிந்தா அந்தக் கேள்விகளை விட்டதில்லை என்றும், செத்தவர் வீட்டுப் போனில் பேசியது நான் எழுதிய பெண் என்றும் சொன்னேன்.

இணை இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் படித்தார். "ஓரத்துல என்னமோ எழுதியிருக்கே?"

"சலிப்பு."

"எதுக்கு?"

"கேக்குறவங்களுக்குச் சலிப்பா இருக்கும்னு அடிச்சிட்டேன்."

ருக்மணி என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் கிடந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார், சாதாரணமாக, ரேஷன் கடையில் விவரம் சொல்வது போல. "நான் மட்டும்தான் இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

ஜெசிந்தாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சொந்த போனில் பேசியதற்காக எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கிடைத்தது. எனக்குப் பதினேழாம் பத்தியின்படி கதவு காட்டப்பட்டது. ஹர்ஷவர்தன் கோபப்படவில்லை. அவன் வேறு காரியம் செய்தான்.

விசாரணை ஆவணங்களின் பிரதி ஒன்று நிறுவனத்துக்கும் போயிருந்தது. என் நோட்டுப் பக்கமும் அதில் இருந்தது. விசாரணை முடிந்த ஒன்பதாம் நாள் அறிவிப்பு வந்தது: பயனர் பாதுகாப்பை முன்னிட்டு நிலவினி இன்னும் பொறுப்புள்ளவளாக மாற்றப்பட்டிருக்கிறாள். இனி அவள் மாடிப்படியைக் கேட்பாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பாள். ஒருவர்தான் என்றால், பக்கத்திலேயே இருக்கச் சொல்வாள். அடுத்த மாதம் கைத்துணை சேவையும் இதில் மனம் குளிர்ந்து, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தன் அழைப்புகளில் ஒரு பகுதியை அவளிடமே ஒப்படைத்தது. திறப்பு விழாவில் இணை இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றினார். ஹர்ஷவர்தன் எனக்குப் பூங்கொத்து அனுப்பியிருந்தான். 'உங்கள் ஆராய்ச்சி வீண்போகவில்லை' என்று அட்டையில் எழுதியிருந்தது.

மீதி அழைப்புகள் நேரே வண்டிக்குப் போகும். ஆக, எங்கள் பக்கத்தில் அவசர எண்ணை அழைத்தால் அந்தக் குரலில் பேசுவது இரண்டு பேரில் ஒருவர். ஒருவர் அதை உண்மையாக்க ஓடுவார். இன்னொருத்தி அடுத்த அழைப்பை எடுப்பாள். இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே அடையாளத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். ஜெசிந்தா ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தெரியும் சார் என்றார். மூன்று வீட்டில் ஜனங்கள் ஏமாந்து காத்திருந்தார்கள் என்றும், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். இப்போது இந்தப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக் கடை, ரேஷன் கடை எல்லா இடத்திலும் சொல்லிவைத்திருக்கிறார்களாம்.

"இப்ப நாங்க வேற ஒண்ணு கேக்குறோம். அதைக் கேட்டாதான் நாங்க. இல்லன்னா நிக்காதீங்க, ஆட்டோ புடிச்சுப் போயிருங்கன்னு."

"என்ன கேக்குறீங்க?"

ஜெசிந்தா செல்லதுரையைப் பார்த்தார். பைலட் ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டேன் சார். கோச்சுக்காதீங்க."

"நான் எங்கயும் எழுத மாட்டேன்."

"எழுத மாட்டீங்க. யாராச்சும் கேட்டா, நல்லது பண்றோம்னு நெனச்சுச் சொல்லிடுவீங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் குத்தியது.

பங்குனி மாதம் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, என் மனைவி திலகம் மிக்ஸியைப் போட்டபடியே கீழே சரிந்தாள். சர்க்கரைக்காரி. கூப்பிட்டால் பேச்சு இல்லை, உடம்பு தண்ணீராக வியர்த்திருந்தது. அவசர எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"வண்டி கிளம்பிடுச்சு சார்" என்றது அந்தக் குரல். "மாடிப்படி நேரா, வளைவா?"

வளைவு என்றேன்.

"வீட்ல எத்தன பேரு?"

நான் மட்டும்தான் என்றேன். சொல்லும்போது ருக்மணியின் குரல்தான் என் வாயிலிருந்து வந்தது.

"அப்ப எங்கயும் போகாதீங்க. கதவத் திறந்து வச்சிட்டுப் பக்கத்துலயே இருங்க."

எதிரே ஆட்டோ ஸ்டாண்டு தெரிந்தது. ஓடிப்போய் ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் திலகம் தனியாகக் கிடக்க வேண்டும். வளைந்த படியில் அவளைத் தோளில் போட்டு இறக்கினால் தலை தொங்கும். இருந்தால் யாரை நம்பி இருப்பது? ஜெசிந்தாவா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நிலவினியிடம் கேட்டாலும் ஆமாம் என்பாள், குரல் மாதிரிக்கான படிவத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.

அப்போது அந்தக் குரல் இன்னொன்று கேட்டது.

சின்னக் கேள்வி. வைத்தியத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்தவர் வீடுகளுக்குள் ஆயிரம் தடவை ஸ்ட்ரெச்சரோடு நுழைந்து வந்தவருக்குத்தான் அது தோன்றும். என்னிடம் கொடுத்திருந்தால் முதல் கோட்டிலேயே அடித்திருப்பேன். பதில் சொன்னேன். போனை வைத்தேன். திலகத்தின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினெட்டு நிமிஷத்தில் வந்தார்கள். கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் போட்டதும் திலகம் கண் திறந்து, மிக்ஸியை யார் நிறுத்தியது என்று கேட்டாள். நாற்காலியில் வைத்து இறக்க, வழியில் ஏற்றிவந்த ஒரு பஞ்சர் கடைக்காரர் கைகொடுத்தார். கீழே வந்ததும் செல்லதுரையிடம், கிளம்பிவிட்டது என்று சொன்னபோது எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்தேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல. ஸ்ட்ரெச்சருக்கு நின்னுக்கிட்டிருந்தோம்" என்றார்.

சாயங்காலம் வார்டில் திலகம் முழுசாகத் தெளிந்துவிட்டாள். மயக்கத்திலும் பாதி காதில் விழுந்திருக்கிறது போல. ஜெசிந்தா போனில் கடைசியாக என்னமோ கேட்டாரே, அதற்குப் பிறகுதானே நீங்கள் அழுகையை நிறுத்தினீர்கள், அப்படி என்ன கேட்டார் என்று விசாரித்தாள்.

முப்பது வருஷத்தில் திலகத்திடம் நான் மறைத்தது அதிகமில்லை, மறைக்கத் தெரியாது. வாய் வரை வந்தது.

அவள் தலையணைக்குப் பக்கத்தில், நிலவினி குடியிருக்கிற அவளுடைய போன் கிடந்தது. ஒன்றுமில்லை, தூங்கு என்றேன்.